தாம்பரம் – தரமணி: சைக்கிளில் 18 கிலோமீட்டர்

ஜூன் 30, 2024, ஞாயிறு

போன மாதம் முழுக்கக் காரில் போய்வரும் நேரத்தைக் குறித்து வைத்தேன். கிழக்கு தாம்பரத்தில் வீடு, தரமணியில் அலுவலகம். காலையில் சராசரியாக 70 நிமிடம், மாலையில் 80. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மணிக்கு 15 கிலோமீட்டர் கூட வரவில்லை. அந்த வேகத்தில் சைக்கிளே போகுமே என்று தோன்றியதும் மனசு அதை விடவில்லை.

இன்று ஒத்திகை. ஐந்தரைக்குக் கிளம்பி, கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி வழியாக 74 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். மூச்சு வாங்கவில்லை. முழங்கால் மட்டும் முன்பக்கம் பிடித்துக்கொண்டது.

ஜூலை 1, திங்கள்

நேற்றே சைக்கிள் கடைக்காரரிடம் முழங்கால் வலியைச் சொல்லியிருந்தேன். ஏறி உட்காரச் சொல்லிப் பார்த்தார். “குதிகாலை பெடல்ல வெச்சா கால் நேரா நிக்கணும் சார். உங்களுக்கு மடங்கியே இருக்கு.” சீட்டை இரண்டு விரல்கடை ஏற்றிக் கொடுத்தார். இன்று வலி இல்லை.

அம்மாவுக்குத்தான் கவலை. லாரி, பஸ் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். குரோம்பேட்டை தோல் ஆலைக்கு அப்பா தினமும் சைக்கிளில்தான் போனார். “ராத்திரியே டயர்ல காத்து இருக்கான்னு அமுக்கிப் பாத்துட்டுதான் படுப்பார்” என்றார். இது எனக்குத் தெரியாது.

ஜூலை 4, வியாழன்

முதுகுப்பை சரிவராது. சட்டை முதுகோடு ஒட்டிவிடுகிறது. பின்னால் கேரியர் பொருத்தி, பக்கவாட்டில் தொங்கும் பை வாங்கினேன். மாற்றுத்துணி, சாப்பாட்டு டப்பா, துண்டு எல்லாம் அதில். அலுவலகத்தில் குளிக்க ஓர் அறை இருப்பது ஆறு வருடம் வேலை பார்த்தும் இப்போதுதான் தெரிந்தது.

ஜூலை 12, வெள்ளி

மேடவாக்கத்தில் மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். சாலை ஒடுங்கி, பஸ், வேன், பைக் எல்லாம் ஒரே வரிசையாகிவிடுகிறது. இன்று நிறுத்தத்தில் ஒதுங்க வந்த பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் நான். பிரேக் பிடித்ததால் தப்பினேன். கை நடுங்க ஒரு டீக்கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இனி நிற்கப்போகிற பஸ்ஸை இடதுபக்கமாக முந்தவே கூடாது. பின்னாலேயே நின்றுவிடலாம், போகிற நேரம் போகட்டும்.

18 கிலோமீட்டரில் சைக்கிளுக்கு என்று ஓரடி இடம் ஒதுக்கப்படவில்லை. வேலைக்குச் சைக்கிளில் போகிற கட்டடத் தொழிலாளர்களைத் தினமும் பார்க்கிறேன். பலர் வண்டியில் விளக்கு கிடையாது. அவர்களுக்காகவாவது இந்தச் சாலையில் ஒரு கோடு போட்டுத் தந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். காலையில் போவது எனக்கு எப்போதும் சுலபம், திரும்புவது கொஞ்சம் பாரம். வேலைக் களைப்பு என்று நினைத்திருந்தேன். காரணம் சரிவு. தாம்பரம் கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 30 மீட்டர். பள்ளிக்கரணை சதுப்புநிலம் ஏறக்குறையக் கடல்மட்டம். கண்ணுக்குத் தெரியாத அந்த இறக்கம் காலுக்குத் தெரிகிறது. இத்தனை வருடம் காரில் போனபோது எல்லாம் ஒரே சமதரை என்றுதான் நினைத்தேன்.

காற்றும் இப்படித்தான். இப்போது காலையில் மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று. மேடவாக்கம் வரை கிழக்கே போவதால் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. மாலையில் கடல்காற்று வந்துவிடும். வேளச்சேரியிலிருந்து மேடவாக்கம் வரை எதிர்த்து மிதிக்க வேண்டும், அங்கே மேற்கே திரும்பிவிட்டால் அதுவே வீடு வரை கொண்டுவந்து விடுகிறது.

செப்டம்பர் 3, செவ்வாய்

64 நிமிடம். மேடவாக்கத்தில் ஒரு பஞ்சர், ஆணி. பசை காய்கிற நேரத்தைக் கழித்துத்தான் இந்தக் கணக்கு.

பள்ளிக்கரணையில் தினமும் இரண்டு நிமிடம் நிற்கிறேன். கோரைக்கு நடுவில் நீலத் தாழைக்கோழி, நீர் ஓரத்தில் சிவப்புக்காலோடு நெடுங்கால் உள்ளான், தள்ளி நாலைந்து கூழைக்கடா. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம், 1,247 ஹெக்டேர். ஒரு காலத்தில் இதைப்போலப் பல மடங்கு இருந்தது. கட்டடங்களும் பெருங்குடி குப்பைமேடும் தின்றது போக மிச்சம்தான் இது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் தொண்டை கரிக்கிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போன நாட்களில் இந்த நாற்றம் என்னைத் தொட்டதே இல்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

நேற்று இரவே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். போன டிசம்பர் மிக்ஜாம் புயலில் வண்டியை இழந்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்? இன்று விடாத மழை, வீட்டிலிருந்தே வேலை.

ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்கே போகிறது, நான் தினமும் போகிற அதே பக்கம். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று ஏரி ஏரியாக நிரம்பி, கடைசியில் பள்ளிக்கரணைக்கு. இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் அங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். நான் மிதிக்காமலே வண்டி உருளும் இடமெல்லாம் தண்ணீரும் நிற்காமல் ஓடும் இடம். அதன் குறுக்கே சுவர் எழுப்பினால் அது வீட்டுக்குள் வராமல் எங்கே போகும்? செய்தியில் நூறு தடவை படித்ததுதான், இன்றைக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

அக்டோபர் 21, திங்கள்

மறுபடியும் சாலை. ஓரமெல்லாம் சேறு, மூடி காணாமல்போன இரண்டு பாதாளச் சாக்கடைக் குழிகள். தண்ணீர் தேங்கிய இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஓட்ட மாட்டேன். மட்கார்டு நீளம் போதவில்லை, மாற்ற வேண்டும். செயினைக் கழுவி எண்ணெய் போட அரைமணி நேரம் ஆனது.

நவம்பர் 11, திங்கள்

மேடவாக்கத்தில் வடக்கே திரும்பியதும் முகத்தில் வாடைக்காற்று. கியரை இரண்டு குறைத்தும் 73 நிமிடம். இனி தை வரை இப்படித்தான் இருக்கும் போல. சதுப்பில் தண்ணீர் கூடியிருக்கிறது, வாத்துகள் கூட்டமாக இறங்கியிருந்தன. எந்த வகை என்று தெரியும் தூரத்தில் இல்லை.

காரை விற்கவில்லை. அம்மாவை டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும். ஆனால் டேங்கை நிரப்பி ஒன்றரை மாதம் ஆகிறது.

படுக்குமுன் டயரை அமுக்கிப் பார்த்தேன். பின்சக்கரம் கொஞ்சம் தளர்ந்திருந்தது, அடித்துவிட்டேன். நாளைக்குப் பத்து நிமிடம் முன்னால் கிளம்ப வேண்டும்.