செவ்வாய்க்கிழமைதோறும் ஒரே கேள்வி

என் பெரியவனுக்கு இப்போது மீசை அரும்புகிறது. இதை எழுதுவது தெரிந்தால் என்னைச் சும்மா விடமாட்டான், ஏனென்றால் இது முழுக்க முழுக்க அவனுடைய பேதியைப் பற்றியது.

2011 ஜூன் மாதம். நாங்கள் வேலூரில் இருந்தோம், அவனுக்கு ஆறு வாரம் முடிந்திருந்தது. ஆறாவது வாரத் தடுப்பூசிக்குத் தூக்கிப் போக வேண்டிய நேரத்தில் ஒரு பெண் வீட்டுக்கு வந்து, ரோட்டா என்ற வைரஸால் குழந்தைகளுக்கு வரும் கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்க ஒரு சொட்டு மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள், டெல்லி, புனே, வேலூர் என்று மூன்று இடத்தில் நடக்கிறது, உங்கள் பிள்ளையைச் சேர்க்க விருப்பமா என்று கேட்டாள்.

'சோதனை' என்ற ஒரு வார்த்தை போதும், அத்தை சாமியாடிவிட்டார். "மூத்த பேரன்மா அவன். எலியா இன்னா?" என்று அந்தப் பெண்ணிடமே கேட்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, எத்தனை வீட்டில் கேட்டிருப்பாளோ. தமிழில் அச்சடித்த ஒப்புதல் தாள்களைக் கொடுத்து, வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்கள், வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தத் தாள்களை இரண்டு ராத்திரி வைத்துப் படித்தேன். எனக்கு மாட்டிக்கொண்ட இடம் ஒன்றுதான்: மூன்றில் இரண்டு குழந்தைக்கு மருந்து, ஒரு குழந்தைக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மருந்து, யாருக்கு எது என்று கொடுப்பவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. "ஒண்ணுமில்லாதத குடுத்துட்டு வாரா வாரம் வந்து கேப்பாங்களா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். இன்னொரு பக்கத்தில் குடல் செருகல் பற்றி, அதாவது குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வதைப் பற்றி, எழுதியிருந்தது. அமெரிக்காவில் இதே நோய்க்கு முன்னால் வந்த ஒரு தடுப்பு மருந்தை அந்தப் பிரச்சினையால்தான் 1999ல் நிறுத்தினார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். விடாத அழுகை, வாந்தி, மலத்தில் ரத்தம் என்றால் உடனே கூப்பிட வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னதெல்லாம் அதற்காகத்தான்.

சரி என்று ஏன் சொன்னேன்? முந்தின வருஷம் எங்கள் தெருவில் ஒரு பெண்குழந்தை பேதியில் இரண்டே நாளில் போய்ச் சேர்ந்தது. அது ஒரு காரணம். வாரம் ஒருமுறை ஒருவர் வந்து பார்ப்பார், உடம்புக்கு முடியாமல் போனால் வைத்தியம் பார்ப்பார்கள் என்பது இன்னொன்று. பொய் சொல்வானேன், இரண்டாவதுதான் பெரிய காரணம்.

மருந்து கொடுத்த விதம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதலில் வயிற்று அமிலத்தை அடக்க ஒரு கரைசல் வாயில் விட்டார்கள், ஐந்து நிமிஷம் கழித்துத்தான் சொட்டு. அந்தக் கரைசலுக்கு அவன் முகத்தைச் சுளித்ததும், அந்த ஐந்து நிமிஷமும் கக்கிவிடுவானோ என்று நான் அவனைத் தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்ததும் அப்படியே இருக்கிறது. நான்கு வார இடைவெளியில் மூன்று தடவை, போலியோ சொட்டும் மற்ற ஊசியும் கூடவே.

அப்புறம் ஆரம்பித்தன செவ்வாய்க்கிழமைகள். "அக்கா, இந்த வாரம் வயித்தால போனானா?" இதுதான் கேள்வி, கிட்டத்தட்ட இரண்டு வருஷம். போயிருந்தால் எத்தனை தடவை, தண்ணியாகவா, சளி இருந்ததா, வாந்தி எத்தனை, காய்ச்சல் உண்டா, எத்தனை நாள். கூடவே ஒரு சின்ன மூடி டப்பா, மலம் பிடிக்க. ஓடுகிற தண்ணீராகப் போகிற குழந்தையிடமிருந்து டப்பாவில் மலம் பிடிப்பது எப்படி என்று யாரும் பாடப்புத்தகத்தில் எழுதவில்லை. துணி குடித்துவிடும். ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு அதன்மேல் படுக்கவைத்துக் காத்திருக்க வேண்டும், நாம் திரும்பிய நொடியில் போவான். முதல் தடவை டப்பாவை வாங்கக் கூச்சமாக இருந்தது. ஆறு மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரி எதிரிலேயே கொடுத்தேன்.

ஒன்பதாவது மாதம், தை பிறந்திருந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாந்தியில் ஆரம்பித்தது. அத்தை "பல்லு மொளைக்குது, தொக்கம் எடுத்தா சரியாயிடும்" என்றார். வீட்டுக்காரர் தெருமுனை கிளினிக்குக்குத் தூக்கிப்போய் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வந்தார். என்ன ஊசி என்று இன்றுவரை தெரியாது. வைரஸால் வரும் பேதிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்பதே எனக்கு அப்போது தெரியாது. நான் பண்ணியது அதைவிட மோசம். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் வீட்டில் இருந்தது, ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. குழந்தை எங்கே ஒரு லிட்டர் குடிக்கப் போகிறான் என்று ஒரு டம்ளரில் மொத்தத்தையும் கொட்டிக் கலக்கிவிட்டேன். அப்படிக் கலந்தால் உப்பு ஏறிப்போய்க் குழந்தைக்கு ஆபத்தாகவே முடியலாம். நல்ல வேளை, இரண்டு ஸ்பூன்தான் உள்ளே போனது, அதையும் கக்கிவிட்டான்.

ராத்திரி பத்து மணிக்குள் எண்ணிக்கை எட்டைத் தாண்டியது. அழுதான், கண்ணீர் வரவில்லை. சாயங்காலம் கட்டிய துணி மூத்திரத்தில் நனையவே இல்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகப் படிந்தது. அத்தைதான், எலியா என்று கேட்ட அதே அத்தை, "அந்தப் பொண்ணு குடுத்த நம்பருக்குப் போன் போடு" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், டிரிப் ஏற்றினார்கள். விடியற்காலை நாலு மணிக்கு என் மடியிலேயே மூத்திரம் போனான், அவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் நனைந்ததில்லை. டப்பாவும் ஆய்வகத்துக்குப் போனது. வீடு திரும்பும்போது 14 நாளைக்குத் துத்தநாக மாத்திரை கொடுத்தார்கள், ஸ்பூன் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும்.

அந்தப் பெண் கேட்ட கேள்வியெல்லாம் வெசிகாரி மதிப்பெண் என்ற ஒரு கணக்கு என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். மொத்தம் 20, பதினொன்றும் அதற்கு மேலும் என்றால் கடும் நோய். நான் பயந்து எண்ணிய எண்ணிக்கைதான் யாரோ ஒருவருடைய அட்டவணையில் மதிப்பெண்ணாக ஏறியிருக்கிறது.

ஆய்வின் முடிவு 2014ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்று இடத்திலும் சேர்த்து 6,799 குழந்தைகள். மருந்து கிடைத்த 4,532 பேரில் கடும் ரோட்டா பேதி 71, வெற்று மருந்து கிடைத்த 2,267 பேரில் 76. கவனியுங்கள், முதல் கூட்டம் இரண்டு மடங்கு பெரியது. பாதுகாப்பு 53.6 சதவீதம் என்று கணக்கு. "பாதிதானா?" என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் இதே வேலூரில் அதற்கு முன்பே 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வருஷம் வீடு வீடாகப் போய்த் தொடர்ந்திருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே தொற்று. மெக்சிகோவில் நடந்த இதே மாதிரி ஆய்வில் இரண்டு முறை தொற்று வந்த குழந்தைக்கு அடுத்து கடும் பேதி வரவே இல்லை, இங்கே மூன்று முறை வந்த பிறகும் 79 சதவீதம்தான் பாதுகாப்பு. நோயே வந்து கற்றுக்கொடுத்தும் முழுசாகப் படியாத இடத்தில் சொட்டு மருந்து பாதியைத் தடுக்கிறது என்றால் அது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. அந்த மருந்தின் வைரஸே எண்பதுகளில் டெல்லியில் பிறந்த பச்சைக் குழந்தைகளிடமிருந்து எடுத்ததாம், தொற்று இருந்தும் பேதி வராத குழந்தைகள். அவர்கள் மலத்தையும் யாரோ டப்பாவில் பிடித்திருக்கிறார்கள்.

என் மகன் அந்த 71லா, 76லா, அல்லது அவனுக்கு வந்தது வேறு ஏதோ கிருமியால் வந்து இரண்டிலும் சேராதவனா? தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

சின்னவள் 2018ல் பிறந்தாள். அதற்குள் தமிழ்நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் அரசாங்கமே இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்திருந்தது. தாளும் கையெழுத்தும் இல்லை, முன்கூட்டிக் கொடுக்கும் அந்தக் கரைசல்கூட இல்லை, வரிசையில் நின்றோம், நாக்கில் ஐந்து சொட்டு. பதினாலாவது வாரம், மூன்றாவது தவணைக்குப் போனபோது நர்ஸம்மா அட்டையைப் பார்த்துக்கொண்டே, "கொழந்தைக்கு வயித்தால எதுனா போவுதாமா?" என்று கேட்டார்.

"நேத்து மூணு தடவ. மஞ்சளா, கொஞ்சம் இளக்கமா, தண்ணியா இல்ல. சளி இல்ல, ரத்தம் இல்ல. வாந்தி, காய்ச்சல் இல்ல. மூத்திரம் ஏழு தடவ."

பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "நீங்க நர்ஸாமா?"