போகப் போகச் சரியாகிடும்

குருமடப் படிப்புக்கு நடுவில் பங்கில் வந்து வேலை செய்யும் ரீஜென்சி காலம் முடிந்து, இறையியல் படிக்கப் போகும் பிரதரைப் (குரு மாணவரைப்) பற்றிப் பங்குத்தந்தை எழுதும் அறிக்கையில் எது வரலாம், எது வரக்கூடாது என்பது எனக்கு ஓரளவு தெளிவாகவே இருந்தது. ஆன்ம வாழ்வில் வழிகாட்டும் ஆன்ம குருவிடம் சொன்னதும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதும் வரவே கூடாது. ஒருவரைக் குருப்பட்டத்துக்கு ஏற்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்ற விஷயத்தில் ஆன்ம குருவிடமும் பாவசங்கீர்த்தனம் கேட்பவரிடமும் கருத்துக் கேட்பதையே திருச்சபைச் சட்டம் 240 தடுக்கிறது. நான் கண்ணால் பார்த்ததை எழுதலாம், எழுத வேண்டும். ஆனால் ராத்திரி சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அறைக்குப் போகாமல் நின்று ஒரு பிரதர் சொன்னது இதில் எந்தப் பக்கம் சேரும்? நான் அவருடைய ஆன்ம குரு இல்லை. அவர் அதை அறிக்கைக்காகச் சொல்லவும் இல்லை.

அவர் சொன்னது இதுதான்: “நல்லா செய்றீங்க பிரதர்னு எல்லாரும் சொல்றாங்க ஃபாதர். இந்த வாழ்க்கை உங்களுக்கு வேணுமான்னு மட்டும் யாரும் கேட்டதில்ல.”

நான் சொன்னது: “எனக்கும் ரீஜென்சில இப்படித்தான் இருந்துச்சு. போகப் போகச் சரியாகிடும்.”

“சரி ஃபாதர்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த நாள் காலைப் பூசைக்கு வழக்கம்போல எனக்கு முன்னாலேயே வந்து பாட்டுக்காரர்களோடு நின்றிருந்தார்.

அந்த வாரத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பாஸ்கா (ஈஸ்டர்) அப்போதுதான் முடிந்திருந்தது. குருத்து ஞாயிறிலிருந்து திருவிழிப்பு வரை பீடச்சிறுவர்கள், பாடகர் குழு, பெரிய வெள்ளி சிலுவைப்பாதை எல்லாம் அவர் தலையில்தான் இருந்தன. சரியான தூக்கம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் யாருக்கும் மனம் வறண்டுதான் போகும். வறட்சியான காலத்தில், முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்று இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ புத்தகத்தில் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார். களைப்பில் வந்த ஒரு வார்த்தையைப் பெரிதாக்கி, அதன் மேல் கேள்விகளை அடுக்கி, அவரை இன்னும் குழப்பாமல் விட்டது நல்லது என்றே அன்றைக்கு நினைத்தேன். இன்றும் பாதி நாட்கள் அப்படித்தான் நினைக்கிறேன்.

மீதி நாட்களில் அதே புத்தகத்தின் தொடக்கத்தில் இருக்கும் இன்னொரு குறிப்பு வந்து நிற்கிறது. பயிற்சி கொடுப்பவர் ஒருவரை இந்த நிலைக்கோ அந்த நிலைக்கோ தள்ளக்கூடாது, தராசு முள்ளைப் போல நடுவில் நிற்க வேண்டும், கடவுள் அவரோடு நேரடியாகப் பேச இடம்விட வேண்டும் என்கிறது அது. நான் நடுவில் நின்றேனா? “போகப் போகச் சரியாகிடும்” என்பது ஆறுதல்தான். ஆனால் அது ஒரு பக்கமாகச் சாய்ந்த ஆறுதல்.

நான் பொய் சொல்லவில்லை. எனக்கு உண்மையாகவே சரியானது. எந்தச் சாவு வீட்டில், எந்த நோயாளி பக்கத்தில் அது நடந்தது என்று குறிப்பாகச் சொல்ல முடியாது, ஆனால் இந்த வாழ்க்கை என்னுடையது என்ற உறுதி வந்தது, இன்றுவரை இருக்கிறது. ஆனால் சரியாகாதவர்களும் என் வகுப்பில் இருந்தார்கள். அவர்கள் பங்கு இல்லத்தில் உட்கார்ந்து ரீஜென்சி பிரதருக்கு அறிவுரை சொல்லும் இடத்தில் இன்று இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு பூசைக்கு வருகிறார்கள். அந்த ராத்திரி என் இடத்தில் அவர்களில் ஒருவர் இருந்திருந்தால் அவருடைய சொந்தக் கதை வேறொரு பக்கம் சாய்ந்திருக்கும். அதுவும் நடுவில் நிற்பது ஆகாது.

இன்னொன்று, அந்த “சரி ஃபாதர்”. இளங்குருமடத்தில் சேர்ந்த நாளிலிருந்து நாங்கள் சொல்லிப் பழகிய பதில் அது. மணி அடித்தாலும் சரி ஃபாதர், திட்டினாலும் சரி ஃபாதர். அவர் ஒத்துக்கொண்டு சொன்னாரா, பேச்சை முடித்துக்கொள்ளச் சொன்னாரா என்று அந்தக் குரலை எத்தனை முறை நினைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை.

அவருடைய ஊரில் இவர்தான் முதல் சாமியாராகப் போகிறவர். அம்மா வேளாங்கண்ணியில் நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை. விடுமுறைக்குப் போனாலே “எங்க சாமி வந்திருக்காரு” என்று தெருவே கூடுகிறது. ஒருவரைக் கட்டாயப்படுத்திப் பட்டம் கொடுப்பதை, எந்த வகையிலும் எந்தக் காரணத்துக்காகவும், சட்டம் 1026 முற்றிலும் தடை செய்கிறது. தகுதியுள்ளவரைத் தடுப்பதையும் அதே சட்டம் தடை செய்கிறது. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. எல்லோரும் அவர்மேல் பாசமாக இருந்தார்கள், நானும்தான். அந்தப் பாசத்துக்கு நடுவில் ஒருவர் “எனக்கு வேண்டாம்” என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. அதை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறிக்கையில் நான்கு தலைப்புகள் இருந்தன: மனிதப் பண்பு, ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப்பணி. 1992-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் குரு உருவாக்கம் பற்றி எழுதியதிலிருந்து வரும் பகுப்பு. நான்கிலும் நல்லதே எழுதினேன், நல்லதே இருந்தது. அந்த ராத்திரியைப் பற்றி எழுதவில்லை. நம்பிச் சொன்னதை நிர்வாகத்துக்கு எழுதினால் அப்புறம் எந்தப் பிரதர் எந்தப் பங்குச்சாமியிடம் மனம் திறப்பார்?

அந்த அறிக்கை அனுப்பிச் சில ஆண்டுகள் ஆகின்றன. இப்போது குருமடத்திலிருந்து மறுபடியும் கடிதம் வந்திருக்கிறது. குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டர் பட்டத்துக்கு முன் என் கருத்தைக் கேட்கிறார்கள். மணத்துறவு வாக்கு கொடுக்கும் இடம் அதுதான். பட்டமளிப்பில் ஆயர், இவர் தகுதியுள்ளவர் என்று அறிவீரா என்று கேட்பார். மக்களிடமும் உருவாக்கியவர்களிடமும் விசாரித்ததில் தகுதியுள்ளவர் என்று அறிகிறோம் என்று பதில் வரும். அந்த விசாரணையில் என் தாளும் ஒன்று. குறை எதுவும் தெரியவில்லை என்பது அங்கே போதாது. தகுதி சான்றுகளோடு நிறுவப்பட வேண்டும் என்கிறது சட்டம் 1052.

அதனால் அவருக்கே போன் செய்தேன். படிப்பு, உடல்நலம், அம்மாவின் முட்டிவலி எல்லாம் பேசிவிட்டு, அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்டேன். “அப்படியா சொன்னேன் ஃபாதர்? ஞாபகமே இல்ல” என்றார். பிறகு, “இப்ப சந்தோஷமா இருக்கேன் ஃபாதர்.” குரலில் சந்தோஷம் இருந்தது. நம்பினேன்.

ஆனால் என் ரீஜென்சி காலத்தில் நான் யாரிடம் அப்படிப் பேசினேன், அவர் என்ன பதில் சொன்னார் என்பது எனக்கு இன்றும் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. குணமானதால் மறந்திருக்கலாம். எனக்குப் பெரிதாகப் பட்டது அவருக்கு அன்றே சிறியதாக இருந்திருக்கலாம். என் கடிதத்துக்கு உதவுகிற பதில் எது என்பது தெரிந்தும் சொல்லியிருக்கலாம். இதில் எதையும் போனில் கண்டுபிடிக்க முடியாது.

கடிதத்தில் அவருக்குப் பட்டம் கொடுக்கலாம் என்றுதான் எழுதினேன். பார்த்ததை வைத்து வேறு எதுவும் எழுத எனக்கு நியாயம் இல்லை. கீழே ஒரு வேண்டுகோள் சேர்த்தேன்: சுய விருப்பத்தோடு பட்டம் பெறுகிறேன் என்று தம் கைப்பட எழுதிக் கொடுக்கும் முன், அந்த வகுப்பில் எல்லோருக்கும், ஊரும் குருமடமும் இல்லாத ஓரிடத்தில் சில நாட்கள் கொடுங்கள், பட்டத்துக்கு முந்தைய தியானத்துக்கு முன்னால் தனியாக. அவர் பெயரைச் சொல்லவில்லை. ஏன் திடீரென்று இப்படிக் கேட்கிறீர்கள் என்று குருமட அதிபர் தந்தை போன் செய்தால் என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.