மூன்று அங்குலச் சிங்கம்

சன்னல் வெளிச்சத்தில் மூன்று அங்குலப் பித்தளைச் சிங்கத்தூணைப் படம் எடுக்கிறோம். படத்தில் மூக்கு கூர்மை, பிடரி மங்கல்.

லென்ஸ் துளையை எஃப் 8க்குச் சுருக்கி வைத்தாலும் இவ்வளவு கிட்டத்தில் நாலைந்து மில்லிமீட்டர்தான் கூர்மையாக வரும். இன்னும் சுருக்கி எஃப் 22 போனால் படம் முழுக்கக் குழைந்துவிடும். எஃப் 8லேயே நிறுத்தி, ஃபோகஸை இரண்டு மில்லிமீட்டர் வீதம் நகர்த்திப் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்து, கணினியில் ஒரே படமாக அடுக்குவதுதான் வழி. ட்ரைபாட், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, இரண்டு விநாடி டைமர். ஃபேன் ஓடவே கூடாது.

பித்தளை கண்ணாடி மாதிரி. அறையையே காட்டும். சன்னலுக்கும் பொம்மைக்கும் நடுவில் ட்ரேசிங் பேப்பர், எதிர்ப்பக்கம் கறுப்பு அட்டை. அந்தக் கறுப்பு விழுந்தால்தான் பிடரிச் சுருள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழும்.

புளி போட்டுத் தேய்த்திருந்தால் இடுக்கில் சக்கை தங்கும். பழைய டூத் பிரஷால் எடுத்துவிடுங்கள். லென்ஸில் அது பாறையாகத் தெரியும்.

திருப்பி வைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 1950 ஜனவரி 26ல் இந்தியா ஏற்ற அரசுச் சின்னத்தில், சிங்கங்களின் காலடிப் பட்டையில் நடுவில் சக்கரம், நம் வலப்பக்கம் காளை, இடப்பக்கம் குதிரை. அந்தப் பட்டையின் யானையும் சிங்கமும் பின்னால் மறைந்திருக்கும். கால் சுற்று திருப்பினாலே அது வேறு முகம்.

லென்ஸைச் சக்கரத்தின் மட்டத்துக்கு இறக்குங்கள். சாரநாத்தில் 1905ல் கிடைத்த மூலச்சிலை ஏழடி உயரம், ஒரே கல். அண்ணாந்து பார்க்கும் அந்தக் கோணம் மூன்று அங்குலத்துக்கும் வந்துவிடும்.

கடைசியாகச் சக்கரத்தைப் பெரிதாக்கி ஆரங்களை எண்ணுங்கள். 24 இருக்க வேண்டும். மலிவான வார்ப்பில் பாதி ஒட்டிப்போயிருக்கும், அதற்கு லென்ஸ் பொறுப்பல்ல.