யூராலஜி வார்டு, ஜூலை

ஜூலை 1, செவ்வாய்
புது பேட்ச், இறுதியாண்டு. வந்ததும் ஒருவன் கேட்டான்: "மேடம், நீட் பிஜிக்கு யூராலஜியில எத்தனை கேள்வி வரும்?" நான் திருப்பிக் கேட்டேன். ராத்திரி ரெண்டு மணி, பிஎச்சியில், அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில், நீ மட்டும், ஒருவர் யூரின் போகாமல் துடிக்கிறார். என்ன செய்வாய்? "ரெஃபர் பண்ணுவேன் மேடம்." சரி.

ஜூலை 2
வார்டுக்குக் கேட்டிருந்த மறைப்புத் திரை இன்றும் வரவில்லை.

ஜூலை 3
ஸ்கில் லேபில் ஃபோலி கதீட்டர், சிறுநீரை வெளியேற்றும் பலூன் வைத்த குழாய். 16 பிரெஞ்சு அளவு என்றால் ஐந்தரை மில்லிமீட்டர்கூட இல்லை, ஆனாலும் கையில் வாங்கியதும் முகம் வெளுக்கிறது. ஜெல்லியைச் செலுத்திய கையோடு குழாயையும் நுழைக்கிறார்கள். மருந்து மரத்துப்போக சில நிமிடம் சும்மா நிற்க வேண்டும். இந்தத் தலைமுறைக்கு அதுதான் கஷ்டம். குழாயை அதன் கிளை பிரியும் இடம் வரை உள்ளே தள்ளு, சிறுநீர் வந்த பிறகுதான் பலூன். அவசரப்பட்டால் பலூன் சிறுநீர்த்தாரையிலேயே விரிந்து கிழிக்கும். உள்ளே டிஸ்டில்டு வாட்டர்தான், சலைன் இல்லை. உப்பு படிந்தால் பலூன் இறங்காது.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, முன்தோலைத் திரும்ப முன்னால் இழுத்துவிட வேண்டும் என்பதை மட்டும் ஒருவர்கூடச் சொல்லவில்லை. பொம்மைக்கு முன்தோல் இல்லை! பிறகு எப்படி ஞாபகம் வரும்? வார்டில் வீங்கிப்போய்க் கூப்பிடும்போது வரும்.

தம்பி பேசினான். அப்பாவின் ரிப்போர்ட் திங்கட்கிழமையாம்.

ஜூலை 4, வெள்ளி
ஒன்பதாம் படுக்கைத் தாத்தா. ஐபிஎஸ்எஸ், அதாவது பிராஸ்டேட் தொல்லையை மதிப்பெண்ணால் அளக்கும் படிவம், அதன் ஏழு கேள்விகளையும் போனைப் பார்த்து ஒருவன் வாசித்தான். கட்டிலைச் சுற்றிக் கூட்டம், திரை கிடையாது. எல்லாவற்றுக்கும் "இல்லைங்க" என்றார். மொத்த மதிப்பெண் பூஜ்யம். சிறுநீர்ப்பை தொப்புள் வரை நிற்கிறது!

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு ஒரு பெண்ணை மட்டும் இருக்கச் சொன்னேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "தாத்தா, தூக்கத்துல வேட்டி நனையுதா?" கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தார். அப்புறம் சொல்ல ஆரம்பித்தார். பொங்கலிலிருந்தே அப்படித்தானாம், அதனால் திண்ணையில் படுக்கிறாராம், மருமகளுக்குத் தெரியாமல். வயதான ஆண் புதிதாகப் படுக்கையை நனைத்தால் அது முதுமை இல்லை. நிரம்பிய பை வழிகிறது, அழுத்தம் சிறுநீரகத்துக்கு ஏறுகிறது. கிரியாட்டினின் 6.2, சிறுநீரகம் நன்றாகவே அடிவாங்கியிருக்கிறது. கதீட்டர் போட்டதும் சிறுநீர் கொட்டித் தீர்க்கும், போகிற அளவை மணிக்கு மணி எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பாவும் தன் தொல்லையைத் தம்பியிடம்தான் சொன்னார். "அக்கா இதுக்குத்தானே படிச்சிருக்கா, அவகிட்டயே சொல்லலாம்ல" என்று இவன் கேட்டதற்கு, "அதனாலதான் சொல்லலை" என்றாராம்.

ஜூலை 5
பதினைந்து வயதுப் பையன். நேற்று மாலையிலிருந்து விரை முறுக்கிக் கிடந்திருக்கிறது. அம்மாவிடம் "வயித்து வலி" என்று சொல்லியிருக்கிறான். எங்கேயோ வயிற்று வலிக்கு ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள், யாரும் டவுசரை இறக்கிப் பார்க்கவில்லை. ஆறு மணி நேரத்துக்குள் திருப்பினால் பெரும்பாலும் பிழைக்கும். கறுத்துப்போயிருந்ததை எடுத்துவிட்டு, மற்றதைத் தைத்து நிறுத்தினோம். பேட்ச் முழுவதும் தியேட்டரில் நின்றது. எத்தனை கேள்வி வரும் என்று யாரும் கேட்கவில்லை.

ஜூலை 6
தூக்கமில்லை.

ஜூலை 7, திங்கள்
ரிப்போர்ட் வரவில்லை. லேபுக்கு போன் செய்தால் "பிராசஸிங்ல இருக்கு மேடம்."

அட்டவணைப்படி இன்று பிராஸ்டேட் கேன்சர். மாற்றி, சிறுநீரகக் கல் பாடத்தை எடுத்தேன். வாழைத்தண்டு ஜூஸ் கேள்வி வந்தது, வராமல் இருக்குமா? தண்ணீர் தண்ணீர்தான், தண்டோடு குடித்தாலும். டிஜே ஸ்டென்ட், சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் பாதையில் தற்காலிகமாக வைக்கும் குழாய், அதைப் பற்றித்தான் கத்தினேன். வலி போய்விட்டது என்று நோயாளி மறந்துவிடுவார். டிஸ்சார்ஜ் அட்டையில் எடுக்க வேண்டிய தேதியை எழுதுகிற வேலை உங்களுடையது. வருஷக்கணக்கில் உள்ளேயே இருந்து கல் பூத்த ஸ்டென்டின் எக்ஸ்ரேயைக் காட்டினேன். தேவைக்கு மேல் கத்திவிட்டேன்.

ஜூலை 8
திரை வந்தது. ஒரு சக்கரம் இல்லை.

ஜூலை 9, புதன்
ரிப்போர்ட் வந்தது. க்ளீசன் 4+4. பிராஸ்டேட் கேன்சர், தீவிர வகை.

வகுப்பை இதற்கு மேல் தள்ள முடியாது. விரலால் தொட்டால் நல்ல பிராஸ்டேட் மூக்கு நுனி மாதிரி, கேன்சர் நெற்றி எலும்பு மாதிரி: எல்லோரும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். 1941இல் ஹக்கின்ஸ், ஆண் ஹார்மோனை நிறுத்தினால் பரவிய நோயும் அடங்கும் என்று காட்டியது, 1966 நோபல், எல்லாம் சொன்னேன். குரல் ஒழுங்காகத்தான் இருந்தது. ஸ்டூல் பெண் கேட்டாள்: "விரையை எடுக்கிறதா, மூணு மாசத்துக்கு ஒரு ஊசியா? யார் முடிவு பண்றது மேடம்?" செலவு, ஒரே தடவையில் முடிவது, திரும்ப முடியாதது என்று எல்லாவற்றையும் பலகையில் எழுதினேன். முடிவு நோயாளியுடையது. "அவர் வாயே திறக்கலைன்னா?" என்றாள். மணி அடித்துவிட்டது.

ஜூலை 10
நாளை எலும்பு ஸ்கேன். ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாயிற்று. போஸ்டிங் டெஸ்ட்டை அசிஸ்டென்ட் பார்த்துக்கொள்வார்.

அப்பாவே போன் செய்தார். "பிள்ளைங்களுக்குப் பரீட்சைன்னியே, எதுக்கு லீவு போட்டு அலையுற?" அப்புறம் மழையைப் பற்றிப் பேசினார்.