நாயோடு ஜேர்மனிக்குப் போகிறவர்களே, சிப் இலக்கத்தை நீங்களே வாசித்துப் பாருங்கள்

மட்டக்களப்புக் கல்லடியில் இருந்து எங்கள் நாய் செம்பியை ஒருவழியாக ஜேர்மனிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். மட்டக்களப்பில் கல்யாணம் முடித்து இங்கே வரக் காத்திருக்கும் சிலர், தாங்கள் வளர்க்கும் நாயையும் கொண்டுவரலாமா என்று கேட்கிறார்கள். கொண்டுவரலாம். ஆனால் கடதாசி வேலை ஆளை உலுக்கிவிடும். நான் பட்டதை நீங்களும் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சிப், அதாவது நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள இலக்கம், அதன்பிறகு விசர்நோய் (ரேபிஸ்) தடுப்பூசி. இந்த வரிசை மாறக்கூடாது. சிப் போடுவதற்கு முன் எத்தனை ஊசி ஏற்றியிருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியம் அதைக் கணக்கில் எடுக்காது. எங்கள் பகுதிக்குச் சுகாதாரத் துறையினர் வந்து இலவசமாக ஏற்றும் ஊசியை, குட்டியாக இருந்த காலத்தில் இருந்து செம்பிக்கு வருடம் தவறாமல் ஏற்றி வந்தோம். அட்டைகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. "இது இந்த வேலைக்கு உதவாது பிள்ளை, சிப் போட்டுப் புதிசாத் தொடங்க வேணும்" என்றார் மிருக வைத்தியர். அட்டைகளை அம்மா நல்லவேளை எறியவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஊசி ஏற்றி 30 நாள் கழிந்தபின் இரத்தம் எடுக்க வேண்டும். அதில் விசர்நோய் எதிர்ப்புச் சக்தி மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வுகூடத்தின் அறிக்கைதான் செல்லும். அறிக்கை நல்லபடி வந்தாலும் உடனே பறக்க முடியாது, இரத்தம் எடுத்த நாளில் இருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். எல்லாம் கூட்டிப் பார்த்தால் நான்கு மாதத்துக்குக் குறைய ஒன்றும் நடக்காது. ஆகவே விசாவுக்காக ஏ1 என்ற ஆரம்ப நிலை ஜேர்மன் வகுப்பில் சேரும்போதே நாய்க்குச் சிப்பைப் போட்டுவிடுங்கள்.

எங்களுக்கு அந்த மூன்று மாதம் இன்னும் நீண்டுபோனது. இரத்தத்தை அப்படியே அனுப்ப முடியாது. இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தைப் பிரித்து, குளிர் குறையாமல் ஆய்வுகூடத்துக்குச் சேர்க்க வேண்டும். ஒரு கூரியர் நிறுவனத்திடம் தொலைபேசியில் கேட்டபோது, தாராளமாக அனுப்பலாம் என்றார்கள். நடு மத்தியானம், வெயில் கொளுத்துகிறது, ஐஸ் பெட்டியோடு போய் நின்றால் அங்கிருந்த தம்பி, "இரத்தச் சாமானா? எடுக்க ஏலாது அக்கா" என்று பெட்டியைத் திருப்பித் தள்ளிவிட்டார். தொலைபேசியில் பேசியவர் யார் என்று அவருக்குத் தெரியாதாம். மேலிடத்துக்கு எடுத்துக் கேளுங்கள் என்றேன், அதையும் செய்யவில்லை. ஐஸ் கரைந்து சீரம் வீணாகிவிட்டது. செம்பியின் காலில் மறுபடியும் ஊசி குத்த வேண்டி வந்தது. காத்திருப்புக் கணக்கும் அந்தப் புதிய தேதியில் இருந்துதான் தொடங்கியது. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். இரண்டாம் முறை, இப்படி மாதிரிகள் அனுப்பிப் பழகிய கொழும்பு மிருக வைத்தியர் ஒருவரின் மூலமாகப் போனது. எப்படிப் பொதி செய்ய வேண்டும், மேலே என்ன ஒட்ட வேண்டும் என்பதை ஆய்வுகூடத்திடமே எழுதிக் கேளுங்கள். கூரியர்காரரிடமும் சம்மதத்தை எழுத்தில் வாங்கியபிறகு இரத்தம் எடுங்கள்.

இனி சான்றிதழ். ஐரோப்பாவுக்கான சுகாதாரச் சான்றிதழில் அரச மிருக வைத்தியர் கையொப்பமிட்டு 10 நாளுக்குள் நாய் அங்கே போய் இறங்க வேண்டும். அதனால் இந்த வேலையை முன்கூட்டியே முடித்து வைக்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை விமானம். வெள்ளிக்கிழமை பின்னேரம் அரச மிருக வைத்திய அலுவலகத்தில் சான்றிதழ் கைக்கு வந்தது. அங்கேயே நின்று சிப் இலக்கத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினைந்து இலக்கங்களில் இரண்டு இடம் மாறிக் கிடந்தன. எழுதுவினைஞரிடம் காட்டினால், பேனாவை எடுத்து அதன் மேலேயே எழுதப் போனார். வேண்டாம், புதிதாக அடித்துத் தாருங்கள் என்றேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில்தான் சொன்னேன், ஆனாலும் தெளிவாகச் சொன்னேன். "அப்படியென்றால் திங்கட்கிழமை வாருங்கள்" என்றார்.

இலக்கம் பொருந்தாத நாயை எல்லையில் இருந்து திருப்பி அனுப்பலாம், தனிமைப்படுத்தி வைக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் கொல்லவும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைப் படித்தவள் எப்படித் திங்கட்கிழமை வரை போவேன்? கதவு பூட்டும் நேரம் வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் உள்ளேயிருந்து வந்த பெண் மிருக வைத்தியர் ஒருவர் என்ன பிரச்சினை என்று கேட்டார். வாசிக்கும் கருவியை எடுத்துவந்து வாகனத்துக்குள் இருந்த செம்பியின் கழுத்தில் வைத்துப் பார்த்தார். பேசாமல் உள்ளே போய்ப் புதிய சான்றிதழோடு வந்தார். அவருக்கு என் வாழ்நாள் நன்றி.

கட்டுநாயக்காவில் இருந்து பிராங்க்போர்ட் வரை ஒரு சிக்கலும் இல்லை. அங்கே சுங்கத்தில் சிவப்பு வழியால் போய்க் காட்ட வேண்டும். அந்த அதிகாரி முதல் வேலையாகச் செய்தது, சிப்பை வாசித்து இலக்கத்தைச் சான்றிதழோடு ஒப்பிட்டது.

ரயிலில் பூனை அளவு நாய் கூட்டுக்குள் இருந்தால் இலவசம். அதைவிடப் பெரியதென்றால் பாதிக் கட்டண டிக்கெட், கயிறு, வாய்க்கூடு மூன்றும் வேண்டும். வாய்க்கூட்டை அன்றைக்குத்தான் முதல்முதல் மாட்டினால் எந்த நாயும் மிரளும். காத்திருந்த மாதங்களில் கல்லடி வீட்டு முற்றத்தில் வாய்க்கூட்டுக்குள் கருவாட்டுத் துண்டு வைத்துப் பழக்கியிருந்தேன். செம்பி பயணம் முழுக்கச் சத்தம் காட்டவில்லை. இதை மட்டும் செய்யாமல் வராதீர்கள்.

வந்தபிறகும் வேலை ஓயவில்லை. நாங்கள் இருப்பது வடரைன்-வெஸ்ற்பாலியா மாநிலத்தில். இங்கே தோள் உயரம் 40 சென்டிமீற்றர் அல்லது எடை 20 கிலோ, இரண்டில் ஒன்றை எட்டினாலே பெரிய நாய் என்று பதிய வேண்டும். செம்பி 17 கிலோதான். ஆனால் நம் ஊர் நாய்களுக்குக் கால் உயரம் என்பது உங்களுக்கே தெரியும். பெரிய நாய்க்குச் சிப், பொறுப்புக் காப்புறுதி, நாயைக் கையாளத் தெரியும் என்பதற்கான அத்தாட்சி எல்லாம் வேண்டும். நகர அலுவலகத்தில் முதலில் பார்த்த அலுவலர் பரீட்சை எழுதியே ஆக வேண்டும் என்று எங்களை அனுப்பிவிட்டார். ஏ1 ஜேர்மனோடு நான் எப்படி அதை எழுதுவது? என் கணவர் மாநிலச் சட்டத்தைத் தேடி வாசித்தார். மூன்று வருடத்துக்கு மேல் பெரிய நாயைப் பிரச்சினை இல்லாமல் வளர்த்த சிலர், அதை எழுத்தில் உறுதிப்படுத்தினால் பரீட்சை தேவையில்லை என்று அதில் இருக்கிறது; உங்களுக்குப் பொருந்துமா என்று உங்கள் நகர அலுவலகத்திலேயே கேளுங்கள். அச்செடுத்துக்கொண்டு திரும்பிப் போனோம். உறுதிமொழியோடு, உதவாது என்று ஒதுக்கிய அந்த ஊசி அட்டைகளையும் வருட வாரியாக மேசையில் அடுக்கினேன். இந்த முறை இருந்தவர் புரட்டிப் பார்த்தார், ஏற்றுக்கொண்டார். இலங்கைச் சுகாதாரத் துறையின் அட்டை அங்கே எனக்காகப் பேசியது. அப்படி ஒரு பெருமை எனக்கு!

நாய் வரி தனி. அந்தந்த நகரம் தொகையைத் தீர்மானிக்கும். கட்டியதும் ஒரு வில்லை தருவார்கள், வெளியே போகும்போது அது கழுத்தில் இருக்க வேண்டும்.

வெளியிடங்களைப் பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். கடைத்தெரு, பூங்கா, திருவிழா, பஸ், ரயில் எல்லா இடத்திலும் கயிறு கட்டாயம். பெரிய நாய்க்கு ஊர் எல்லைக்குள் தெருவிலும் கட்டாயம். சுப்பர்மார்க்கெட்டுக்குள் கொண்டுபோக முடியாது. சாப்பாட்டுக் கடையில் முதலாளியின் விருப்பம், கேட்டுவிட்டு நுழையுங்கள். சிறுவர் விளையாட்டுத் திடல் பக்கம் போகவே வேண்டாம். மலப்பையை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருங்கள். காட்டில் பாதையை விட்டு விலகினால் கயிறு வேண்டும். பக்கத்து மாநிலமான நீடர்சக்சனில் பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம் என்று ஏப்ரல் 1 முதல் ஜூலை 15 வரை வயல்வெளியிலும் காட்டிலும் கட்டாயம். மாநிலம் மாறினால் சட்டமும் மாறும், போவதற்கு முன் பாருங்கள்.

எழுதாத மரியாதையும் உண்டு. எதிரே நாயோடு வருகிறவரிடம் கேட்காமல் உங்கள் நாயை நெருங்க விடாதீர்கள். அவர் கயிற்றைச் சுருக்கிப் பிடித்தால் நீங்களும் சுருக்கி ஓரமாகப் போங்கள். பிள்ளைகள் தடவலாமா என்று கேட்பார்கள், நாய்க்கு விருப்பமில்லை என்றால் இல்லை என்று சொல்லலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். நம் ஆட்களிடம் கூடுதல் கவனம் தேவை. நாய்க்கடிக்குப் பயந்தே வளர்ந்தவர்கள் பலர், "ஒண்டும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டு கிட்டப் போவது அவர்களுக்குப் பெரிய கொடுமை. ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குச் செம்பியைக் கொண்டுபோகலாமா என்று கணவர் கேட்டார். அந்தச் சனத்துக்கும் மேளத்துக்கும் நடுவில் அவளை நிறுத்த மனம் வரவில்லை, வீட்டில் விட்டுவிட்டுப் போனோம்.

இன்னொன்று. இந்த இரத்தப் பரிசோதனை ஒருமுறை தேறிவிட்டால், விசர்நோய் ஊசியைக் காலாவதியாகும் முன் புதுப்பித்துக்கொண்டே வரும்வரை அது செல்லும். ஒருநாள் தவறினாலும் ஊசி, இரத்தம், காத்திருப்பு எல்லாம் முதலில் இருந்து. அடுத்த ஊசித் தேதியை என் தொலைபேசியிலும் கணவரின் தொலைபேசியிலும் போட்டு வைத்திருக்கிறேன்.