தொப்பியில் ஒட்டிய மெழுகும் சில ஆங்கிலச் சொற்களும்

பேருந்து நிலையக் கடைகளில் 'முப்பது நாளில் ஆங்கிலம்' என்று தொங்கும் புத்தகங்களில் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள் இருக்கும். காலையில் படித்தது மாலையில் தங்காது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு விரைவில் மறந்துபோகின்றன என்று தம்மையே வைத்துச் சோதித்து 1885-இல் எழுதினார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. ஆள், இடம், சண்டை, சச்சரவு எதுவும் இல்லாமல் பட்டியலில் நிற்கும் ஆங்கிலச் சொல்லும் எனக்கு அப்படிப்பட்ட அசைதான். ஆகவே இந்த முறை பட்டியலை ஓரம்கட்டிவிட்டுக் கதைகளில் இறங்கினேன்.

எடுத்துக்கொண்டது ஷெர்லாக் ஹோம்ஸ். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அந்தக் கதைகள் குட்டன்பர்க் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. துப்பறியும் கதையாகப் பார்த்து எடுத்ததற்குக் காரணம் உண்டு. வருணனை மிகுந்த நாவலில் தெரியாத சொல்லைத் தாண்டிப் போய்விடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. இங்கே தாண்டினால் துப்பு கைநழுவிவிடும்.

1892 ஜனவரியில் ஸ்ட்ராண்ட் இதழில் வந்த நீலக்கல் கதையில் ஒரு பழைய தொப்பி வருகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டே ஹோம்ஸ் அதன் சொந்தக்காரரின் வாழ்க்கையைப் பிட்டுப்பிட்டு வைக்கிறார். அந்த மனிதர் வீட்டில் கேஸ் விளக்கு இல்லை என்கிறார். காரணம், தொப்பியில் ஐந்து இடங்களில் 'டாலோ' கறை. சொல் எனக்குப் புதிது. ஆனால் அவர் இரவில் ஒரு கையில் தொப்பியும் மறு கையில் மெழுகுவத்தியுமாக மாடிப்படி ஏறுபவராக இருக்க வேண்டும் என்றும், கேஸ் விளக்கிலிருந்து இந்தக் கறை விழாது என்றும் உடனே விளக்கம் வந்துவிடுகிறது. மெழுகு வகையில் ஏதோ ஒன்று என்பது அகராதியைத் தொடாமலே பிடிபட்டது. பிறகு புரட்டினேன்: ஆடு மாடுகளின் கொழுப்பை உருக்கி எடுப்பது, மலிவான மெழுகுவத்தி அதில்தான் செய்தார்கள். அதே வாக்கியத்தில் அந்த மெழுகுவத்தி 'கட்டரிங்' ஆகிறது. கட்டர் என்றால் நமக்குச் சாக்கடை. மெழுகு ஒரு பக்கம் வாய்க்கால் வெட்டி வழிய, சுடர் அணையப்போவதும் எரிவதுமாகத் தடுமாறும் நிலைக்கும் அதுதான் பெயராம். மின்வெட்டு இரவுகளில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

நீலக்கல் கிடைக்கும் இடம் ஒரு பெருவாத்தின் 'கிராப்'. வயலில் அது பயிர், முடிதிருத்தும் கடையில் கிராப்பு. பறவைக்கோ கழுத்தடியில் தீனி தங்கும் பை. கோழி அறுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஊகம் எல்லாப் பக்கத்திலும் செல்லுபடியாகாது. சொல்லறிவு பற்றிய ஆய்வுகளில் பால் நேஷன் பெயர் அடிக்கடி அடிபடும். ஒரு பக்கத்தில் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருந்தால்தான் துணையின்றிச் சுகமாகப் படிக்க முடியும் என்பது அவரும் உடன் ஆய்வாளரும் சொன்ன கணக்கு. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று புதிதாக இருக்கலாம். பத்துக்கு ஒன்று புதிதென்றால் கதை நின்றுபோய் அகராதி மட்டும் ஓடும். இந்தச் சிக்கலை 1920-களிலேயே நம் துணைக்கண்டத்தில் ஒருவர் கையாண்டிருக்கிறார். டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்களுக்காக அரிய சொற்களை நீக்கி, புதிய சொற்களை இடைவெளிவிட்டுத் தூவி வாசிப்பு நூல்கள் எழுதினார். சுமார் 2,000 அடிப்படைச் சொற்கள் கொண்ட அவருடைய பட்டியல் 1953-இல் வந்தது. அந்த வழியில் வந்த சுருக்கப் பதிப்புகளைத்தான் நானும் முதலில் படித்தேன். சுவை கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும், ஆனால் வேகம் வந்துவிடும்.

அகராதி விஷயத்தில் எனக்கு ஒரு கட்சி உண்டு. பொருளின் பெயர் என்றால் ஆங்கிலம்-தமிழ் அகராதி. 'டாலோ'வுக்கு அரைப் பக்க ஆங்கில விளக்கம் எதற்கு? வினையோ குணமோ என்றால், எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தரும் மாணவர் அகராதி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி தொகுத்து 1942-இல் அங்கே வெளிவந்ததுதான் பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டின் புகழ்பெற்ற மாணவர் அகராதி ஆனது. ஒரு வினை எந்தப் பெயரோடு சேரும், எதோடு சேராது என்பது அதில்தான் தெரிகிறது.

கதைக்கு வெளியே எனக்கு அதிகம் கைகொடுத்தது செய்தித்தாள். ஒரே செய்தியை முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் படிப்பேன். மேட்டூர் அணைச் செய்தி இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. குறுவைப் பாசனத்துக்கு ஜூன் 12-இல் திறப்பது வழக்கம், முழு நீர்மட்டம் 120 அடி என்பதெல்லாம் முன்பே தெரிந்தவை. ஆகவே ஆங்கிலத்தில் 'இன்ஃப்ளோ' வந்தால் நீர்வரத்து, 'சர்ப்ளஸ்' வந்தால் உபரிநீர், 'ஸ்லூஸ்' வந்தால் மதகு என்று தானாகவே பொருந்திக்கொள்கின்றன. 'ஸ்லூஸ்' என்ற சொல்லை வேறு எங்கே வைத்து நான் கற்றிருப்பேன்! ரயில் பெட்டியில் அபாயச் சங்கிலிக்கு அருகே உள்ள எச்சரிக்கையையும் மருந்து அட்டையின் சிவப்புக் கோட்டருகே உள்ள பொடி எழுத்தையும் இப்போது விடுவதில்லை.

நோட்டில் சொல்லை மட்டும் எழுதுவதில்லை. அது வந்த வாக்கியத்தை முழுதாக எழுதி, கீழே இரண்டு வரி காலியாக விடுகிறேன். அதே சொல் வேறெங்காவது எதிர்ப்பட்டால் அந்த வாக்கியம் அங்கே ஏறும். காலியிடம் நிரம்பிய சொற்கள் பெரும்பாலும் நின்றுவிட்டன. நிரம்பாதவற்றைத் துரத்திப் பிடிப்பதில்லை.

காதுக்கும் வேலை வைக்க வேண்டியிருந்தது. லிப்ரிவாக்ஸ் என்ற இலவச ஒலிநூல் தளத்தில் தன்னார்வலர்கள் இந்தக் கதைகளை வாசித்திருக்கிறார்கள். நீலக்கல் கதையின் கடைசியில் ஜி, ஏ, ஓ, எல் என்ற நான்கெழுத்துச் சொல் வருகிறது. கண்ணுக்கு யாரோ அந்நியர். ஒலியில் கேட்டால் நம் பழைய ஜெயில்!

வாய்க்கு வருவது வேறு கணக்கு. ஒரு கதை முடிந்ததும் மொட்டைமாடியில் நடந்தபடி அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கிறேன். கல்லூரியில் படிக்கும் அக்காள் மகள் வந்தால் அவளுக்கும் சொல்வேன். "மாமா, வாத்தைப் போன வாக்கியத்தில் அறுத்துவிட்டீர்கள். இப்போது மறுபடியும் ஓடுகிறதே! எந்தக் காலத்தில் நடக்கிறது, முடிவு செய்யுங்கள்" என்றாள். சொற்கள் பரவாயில்லையாம், வினைமுற்றுதான் ஆட்டம் காண்கிறதாம்.

அடுத்தது செம்பட்டைத் தலையர்கள் சங்கத்தின் கதை. அதில் வருபவர் அடகுக்கடைக்காரர் என்பதால், நகை அடகு வைத்த ரசீதை எடுத்து அதன் பின்பக்க நிபந்தனைகளை முதலில் படித்துக்கொண்டிருக்கிறேன்.