ஒரே இரத்தம், இரண்டு விடைகள்

அந்தக் கர்ப்பிணியின் இரத்தத்தில் ரூபெல்லா வைரஸுக்கு எதிரான ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளின் அளவு மில்லிலிட்டருக்கு 7 அலகு என்று எங்கள் கருவி காட்டியது. ‘எதிர்ப்பாற்றல் இல்லை’ என்று அறிக்கையில் கையெழுத்திட்டவன் நான்தான். இரண்டே நாளில் வேறோர் ஆய்வகத்தின் தாளோடு அவர் வந்து நின்றார். அதில் 14 என்றும், ‘எதிர்ப்பாற்றல் உண்டு’ என்றும் இருந்தது. “எதை நம்புவது?” என்று கேட்டபோது அவருடைய விரல் அந்த 7-ஐ விட்டு நகரவில்லை.

குளிர்பெட்டியில் மிச்சமிருந்த சீரத்தை மறுபடி ஓட்டினேன். மீண்டும் 7. தரக்கட்டுப்பாட்டு மாதிரிகளும் வரம்புக்குள்தான் இருந்தன. இரண்டு ஆய்வகங்களுமே பிழை செய்யவில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

இந்தச் சோதனைக்கான கிட்டுகள், பொது அளவுகோலான சர்வதேசத் தரச் சீரத்தை வைத்தே அளவு குறிக்கின்றன. ஆனால் ஒன்றில் முழு வைரஸ் பூசப்பட்டிருக்கும். இன்னொன்றில் செயற்கையாக உருவாக்கிய, வைரஸின் மேற்புறப் புரதமான ஈ1 மட்டும் இருக்கும். தரச் சீரம் பலருடைய எதிர்ப்பொருள்களின் கலவை. நம் கையில் இருப்பதோ ஒருவருடையது. அது வைரஸின் எந்தப் பகுதியைப் பற்றுகிறதோ அதற்கேற்ப எண்ணும் மாறுகிறது. 100-க்கு மேல் வரும் சீரங்களில் இந்த வேறுபாட்டால் முடிவு மாறுவதில்லை. பலரும் வைத்துக்கொள்ளும் எல்லையான 10-ஐ ஒட்டி வருபவைதான் தடுமாற வைக்கின்றன. தடுப்பூசியால் மட்டுமே எதிர்ப்பாற்றல் பெற்றவர்களிடம் அளவு பொதுவாகக் குறைவு என்பதால், இத்தகைய சீரங்கள் பெருகவே செய்யும்.

அப்படிப்பட்ட சில சீரங்களை, வைரஸின் புரதங்களைப் பட்டையில் தனித்தனியாக வைத்து எதிர்ப்பொருள் எதைப் பற்றுகிறது என்று காட்டும் இம்யூனோபிளாட் சோதனைக்கு அனுப்பினோம். திரும்பி வந்த பட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நாங்கள் ‘இல்லை’ என்று எழுதிய சீரங்கள் சிலவற்றில் ஈ1 இருக்கும் இடத்தில் மெல்லிய கோடு தெளிவாக ஓடியது.

அதற்காக எல்லையைக் கண்மூடித்தனமாகத் தாழ்த்திவிட முடியாது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா தாக்கினால் குழந்தைக்குக் கண்புரை வரலாம் என்பதை 1941-லேயே ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்டு சொன்னார். காதும் இதயமும்கூடப் பாதிக்கப்படலாம். எதிர்ப்பாற்றல் இல்லாதவரிடம் ‘உண்டு’ என்று சொல்வதுதான் பெரிய தீங்கு. ஆனால் உயிருள்ள வைரஸ் தடுப்பூசியைக் கர்ப்பத்தில் போட முடியாது என்பதால், தவறான ‘இல்லை’யும் பிரசவம் வரை ஒரு பெண்ணை அச்சத்திலேயே வைத்திருக்கிறது. இதையும் சிறிய பிழை என்று நான் நினைக்கவில்லை.

இப்போது எல்லையை ஒட்டிய முடிவுகளில் கிட்டின் பெயரையும், ‘தடுப்பூசிப் பதிவோடு சேர்த்துப் பார்க்கவும்’ என்ற வரியையும் சேர்க்கிறோம். அந்தப் பெண்ணின் தாயார் பழைய அட்டையைத் தேடி எடுத்து வந்தார். ரூபெல்லாவுக்கு எதிராக இரண்டு தவணைகள், தேதியோடு அதில் இருந்தன.